மூங்கில் பஸ்ஸும் மூன்று தோல்விகளும்

பச்சையம்மாளின் படத்திறப்பு விழாவில் முதலில் சிரித்தவன் நான்தான். இதை ஒப்புக்கொண்டுவிட்டே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் படம். அதன்மேல் மஞ்சள் துணி, துணிக்கு மேல் சாமந்தி மாலை. போளூரிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் துணியை இழுத்தார். வரவில்லை, ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை பலமாக இழுத்தார். துணியோடு மாலையும் கழன்று வந்து அவர் கழுத்தைச் சுற்றி விழுந்தது. பெரிய மனிதர் தனக்கே மாலை போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் படத்திலிருந்து பச்சையம்மாள், "இன்னாய்யா பண்றீங்க" என்று கேட்பதுபோல் கண்களை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் அப்படித்தான் இருக்கும். மூன்று முறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தும் அவர் ஒழுங்காக நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. யாராவது போனைத் தூக்கினால் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். வாக்காளர் அட்டைப் படத்தில் யார்தான் அழகாக இருந்தார்கள்?

நான் சிரித்துவிட்டேன். பெண்கள் வரிசையில் இருந்து என் மனைவி சின்னப்பொண்ணு என்னை முறைத்தாள். அந்த நேரம் பார்த்து மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"அடுத்து, நம்ம தலைவரம்மாவ எதுத்து மூணு தடவ நின்ன காசி ஐயா பேசுவாங்க."

மைதானமே சிரித்தது. மூணு தடவை நின்றவர் என்றால் மூணு தடவை தோற்றவர் என்று எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும்.

மேடைக்கு நடந்தேன். என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. பல வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அதை அங்கே சொல்வதா, இல்லை "அன்னார் ஆற்றிய தொண்டு" என்று நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்குவதா என்று கால் நடக்க நடக்க மனசு அடித்துக்கொண்டது. அது என்ன ரகசியம் என்பதற்கு முன்னால், பச்சையம்மாளிடம் நான் தோற்ற கதையை நீங்கள் கேட்டாக வேண்டும்.

ஏணிச் சின்னம்

முதல் தேர்தலின்போது ஊரில் நான் பெரிய ஆள். புளி வியாபாரம். மலையில் உலுக்கிய புளியெல்லாம் என் கை வழியாகத்தான் போளூர் போகும். வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம், பையில் இரண்டு பேனா. இரண்டு பேனா எதற்கு என்று இன்றைக்குவரை எனக்கே தெரியாது.

பச்சையம்மாள் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். சாமையும் கொள்ளும் போடுகிற குடும்பம். முறையில் எனக்குத் தங்கை ஆகவேண்டும், அதனால் என்னை எப்போதும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். அவர் எனக்கு எதிராக மனு கொடுத்திருக்கிறார் என்று கேட்டபோது நான் வெற்றிலையை மென்றபடி, "குடுக்கட்டும், குடுக்கட்டும்" என்றேன். அவ்வளவு தாராளம்.

எனக்கு ஏணிச் சின்னம். அவருக்குப் பூட்டு.

சந்தவாசலில் இருந்து ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடித்தேன். கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். எங்கள் பஞ்சாயத்தில் குக்கிராமங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சரிவில் கிடக்கும். பச்சையம்மாள் அத்தனைக்கும் நடந்தே போனார். நான் ஜீப்பில் போனேன். அதாவது, மழை பெய்கிறவரை போனேன்.

ஓர் ஊருக்கு முன்னால் சேற்றில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. நானும் என் ஆட்கள் மூன்று பேரும் தள்ளினோம். ஜீப் அசையவில்லை, எங்கள் வேட்டிதான் சிவப்பானது. அப்போது பாதையில் ஏழெட்டுப் பெண்களோடு பச்சையம்மாள் வந்தார். கையில் பூட்டுச் சின்ன நோட்டீசு.

என்னைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். நோட்டீசை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "வாங்கடி" என்றார். எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் தள்ளினார்கள். ஜீப் மேலே ஏறிவிட்டது.

"எங்கண்ணா போறீங்க?" என்றார் மூச்சு வாங்க.

"உனக்கு ஓட்டு போடாதீங்கன்னு சொல்லப் போறேன்."

"நாங்களும் அந்த ஊருக்குத்தான். வண்டில எடம் கீதா?"

என்ன செய்வது? ஏற்றிக்கொண்டோம். ஏணிப் படம் ஒட்டிய ஜீப்பில் பூட்டு வேட்பாளர் முன்சீட்டில் வந்து இறங்கியதைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் குழம்பிப்போனார்கள். நான் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினேன். ரோடு, தண்ணீர், பஸ், விளக்கு, ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் பச்சையம்மாள் கையை நீட்டினார்.

"அந்த மைக்கக் கொஞ்சம் குடுண்ணா."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று என் ஆட்கள் பிற்பாடு ஒரு வாரம் என்னைத் திட்டினார்கள்.

"காசியண்ணன் சொன்னதெல்லாம் நெசம்," என்றார் பச்சையம்மாள். "ரோடு வோணும். தண்ணி வோணும். பஸ்ஸு வோணும். அண்ணன் ஜெயிச்சா வாங்கியாருவாரு. நான் ஜெயிச்சா நாளைக்குக் காலைலயே கேக்கப் போவேன். அவ்ளோதான்."

கைதட்டல். அதில் என் கையும் இருந்தது. பக்கத்தில் நின்ற என் ஏஜெண்டு, "நீ ஏன்ணா தட்ற?" என்று காதில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

தோற்றேன். ஏணிச் சின்னத்தில் நின்று ஒரு படிகூட ஏறாதவன் என்று பெயர் வந்தது.

டிபன் பாக்ஸ்

சொன்னபடியே மறுநாள் காலையில் கேட்கப் போனார்.

ஜமுனாமரத்தூர் அலுவலகத்துக்கு அவர் போகிற முறையே தனி. சத்தம் கிடையாது, கோஷம் கிடையாது. கையில் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். காலையில் போய் மனுவைக் கொடுப்பார். "பார்க்கலாம்மா" என்பார்கள். "சரிங்க" என்று வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சாயந்திரம்வரை எழுந்திருக்க மாட்டார் என்று அர்த்தம். உள்ளே கேழ்வரகுக் களியும் அவரைக்குழம்பும். பக்கத்தில் இருக்கிற பியூனுக்கும் ஓர் உருண்டை உண்டு. அந்த பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: பதினோரு மணிக்குமேல் அதிகாரியே எட்டிப் பார்த்து, "அந்தம்மா டப்பாவத் தொறந்துட்டாங்களா?" என்று கேட்பாராம். திறக்கவில்லை என்றால் அதற்குள் கையெழுத்து போட்டு அனுப்பிவிடுவாராம்.

இப்படித்தான் தண்ணீர்த் தொட்டி வந்தது. தெருவிளக்கு வந்தது. எங்கள் ஊர்வரை ரோடு வந்தது. மேல்சரிவு ஊர்களுக்கு ரேஷன் அரிசி கீழே இறங்காமலே கிடைத்தது. இரண்டாவது தேர்தலிலும் நான் நின்றேன், தோற்றேன். அதில் சொல்வதற்குக் கதை ஒன்றும் இல்லை. மழைகூடப் பெய்யவில்லை.

பஸ் மட்டும் வரவில்லை.

போளூர் பஸ் நிலையத்தில் ஒரு கயிறு

அப்போதெல்லாம் பஸ் பிடிக்க வேண்டுமென்றால் மெயின் ரோடுவரை காட்டுவழியே நடக்க வேண்டும். உடம்பு முடியாதவர்களைத் தூளி கட்டித் தூக்கிப்போவோம். எட்டாவது முடித்த பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அந்தக் காட்டுவழியை நம்பி யார் தினமும் அனுப்புவது? பச்சையம்மாளின் மகள் செல்வியும் அந்த வருஷம் எட்டாவது.

எத்தனையோ டிபன் பாக்ஸுக்குப் பிறகு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து பார்த்தார். ரோடு பரவாயில்லை என்றார். ஆனால் ஊருக்குள் பஸ் திரும்ப இடமில்லை என்று எழுதிவிட்டார்.

"எவ்ளோ எடம் வோணுங்க?" என்று கேட்டார் பச்சையம்மாள்.

அதிகாரி காற்றில் கையால் ஒரு வட்டம் போட்டு, "இவ்ளோ" என்றார். போய்விட்டார்.

பச்சையம்மாளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இவ்ளோன்னா எவ்ளோ?" என்று அந்த ஜீப் போன திசையைப் பார்த்து இரண்டு முறை கேட்டார்.

அடுத்த வாரம் புளி விஷயமாகப் போளூர் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நின்றிருந்த பஸ்ஸின் முன்னால் ஒரு பெண் குனிந்து மாட்டுக் கயிற்றின் ஒரு முனையை பம்பரில் கட்டுவதைப் பார்த்தேன். பச்சையம்மாள். கயிற்றை இழுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கம்வரை போனார். அங்கே ஒரு முடிச்சு. பிறகு அகலம். அங்கே ஒரு முடிச்சு. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, பஸ்ஸுக்குச் சட்ட தெக்கப் போறியா?"

"எங்க ஊருக்குக் கூட்டினு போப் போறேன். உள்ள நொழையுமான்னு பாக்கிறேன்."

கண்டக்டர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். "அப்ப அந்த முனையக் குடு, நான் புடிக்கிறேன்," என்றார். டிரைவரும் வந்து, பஸ் திரும்பும்போது முன்சக்கரம் எங்கே போகும், பின்பக்கம் எவ்வளவு வெளியே வீசும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. ஊர் முழுக்க எந்த இடம் பொருந்தும் என்று எனக்கு அளக்காமலே தெரியும். அது என் நிலத்தின் மூலை.

கடைசி ஸ்டாப்பு

பச்சையம்மாளும் அதை ஊகித்திருந்தார். நேராக என் வீட்டுக்கு வந்து கேட்டார்.

"சாமை போட்டிருக்கேன்," என்றேன்.

"அறுத்தப்புறம்?"

"கொள்ளு போடுவேன்."

"சரிண்ணா," என்று எழுந்து போய்விட்டார்.

சாமையும் கொள்ளும் சாக்கு. பஸ் வந்தால் அது அவர் கொண்டுவந்த பஸ் என்று ஆகிவிடும். இரண்டு முறை தோற்றவன் மூன்றாவது முறையும் அவருக்கே ஏணி பிடிப்பதா என்ற வீம்பு. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் மீதிக் கதை புரியாது.

சாமை அறுவடை முடிந்து சில நாள் ஆகியிருக்கும். காலை வெயிலில் நிலத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தேன். ஊருக்குள் விசில் சத்தம். பிறகு சிரிப்பு. பிறகு, "போலாம், ரைட்டு" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

மூங்கில் பஸ். பச்சையம்மாளின் கயிற்று அளவுக்கு நீளமும் அகலமுமாக மூங்கில்களைச் சட்டம் கட்டி, சுற்றிலும் ஆட்கள் இடுப்புயரத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சட்டத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயணிகளாக நடந்து வந்தார்கள். முன்னால் டிரைவர், டிராக்டர் ஓட்டுகிற வேலு. ஸ்டியரிங்குக்கு ஒரு முறம். பின்பக்க மூலையைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதியவர் பச்சையம்மாள்.

பஸ் முதலில் கோயிலடியில் திரும்பப் பார்த்தது. பின்பக்கம் வீசிச் சூலத்தில் இடித்தது. "ரிவர்ஸு, ரிவர்ஸு." பள்ளிக்கூடத்தில் திரும்பப் பார்த்தது. கொடிக்கம்பம் நடுச்சீட்டுக்குள் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியருகே ஒரு பக்கம் செருகிக்கொண்டு, வேலு முறத்தை எந்தப் பக்கம் சுற்றினாலும் வெளியே வர முடியாமல் தவித்தார். ஒவ்வோர் இடத்திலும் சிரிப்பு கூடியது, பயணிகளும் கூடினார்கள். கடைசியில் ரோடு முடிகிற இடத்தில், என் நிலத்தின் விளிம்பில், பஸ் வந்து நின்றது.

பச்சையம்மாள் விசிலை எடுத்தார். "அண்ணா, வண்டி திரும்பணும்."

நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றேன். கோபமாக நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்போது பார்த்தேன், மூன்றாவது ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். என் சின்னப்பொண்ணு. கையில் ஒரு புங்க இலை.

"நீ இன்னா பண்ற அங்க?"

"போளூர் போறேங்க."

"எறங்கு."

இலையை ஆட்டிக் காட்டினாள். "டிக்கெட்டு வாங்கிட்டேங்க. கடேசி ஸ்டாப்புலதான் எறங்குவேன்."

"இதாண்டி கடேசி ஸ்டாப்பு," என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பச்சையம்மாள் நிதானமாகச் சொன்னார்:

"அண்ணனே சொல்ட்டாரு. எல்லாரும் கேட்டீங்க இல்ல?"

மூங்கிலைப் பிடித்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸின் ஒரு பக்கம் தரையில் விழுந்தது. வேலு முறத்தால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிப்பது? மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்த வரப்பிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது வீம்பு எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். இல்லை. எழுந்து வழிவிட்டேன். மூங்கில் பஸ் என் சாமைத் தாளை மிதித்துக்கொண்டு ஒரே வீச்சில் அழகாகத் திரும்பியது.

மூலையைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நிஜ பஸ் வந்த அன்று ஊரே அதில் ஏறியது, யாரும் இறங்கவில்லை. டிரைவர் ஜமுனாமரத்தூரில் நிறுத்தி, "எறங்குங்கம்மா" என்று கெஞ்சினார். "நாங்க சும்மா வர்றோம்" என்று போளூர்வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினோம். பஸ்ஸில் பச்சையம்மாளைத் தேடினேன். இல்லை. திருப்பத்தில் நின்று டிரைவருக்குக் கைகாட்டிவிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, ரோடே இல்லாத மேல்சரிவு ஊருக்கு நடந்துபோய்விட்டாராம்.

செல்வி ஒன்பதாம் வகுப்புக்கு அந்த பஸ்ஸில்தான் போனாள். இன்று அவள் கணியம்பாடிப் பக்கம் நர்சாக இருக்கிறாள்.

நீ நில்லுண்ணா

மூன்றாவது தேர்தல் வந்தது. நிற்கிற எண்ணமே எனக்கு இல்லை. நான் மட்டுமல்ல, யாருமே மனு கொடுக்கவில்லை. அவர் போட்டியில்லாமல் வந்துவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். மனு கொடுக்கக் கடைசி நாளுக்கு முதல்நாள் பச்சையம்மாள் என் வீட்டுக்கு வந்தார்.

"நீ நில்லுண்ணா."

"எதுல?"

"எலெக்சன்லதான். எனுக்கு எதிரா."

சின்னப்பொண்ணு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை.

"தோக்கறதுக்குன்னே ஒரு ஆளா நான்?"

"அது இல்லண்ணா. யாரும் நிக்கலன்னா நான் ஊரூரா போமாட்டேன். சனங்களும் என்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இன்னா செஞ்ச, ஏன் செய்லன்னு ஒரு ஆளு மைக்கு வெச்சிக் கேக்கணும். உன்னமாரி முக்கா மணி நேரம் கேக்கறதுக்கு இங்க வேற யாரு கீறாங்க?"

என் வாழ்க்கையில் என் பேச்சை யாரும் அவ்வளவு மதித்ததில்லை. நின்றேன். வெறிகொண்டு கேட்டேன். மேல்சரிவுக்கு ரோடு எங்கே என்று ஊர் ஊராகக் கேட்டேன். அவர் ஒவ்வோர் இடத்திலும் பின்னாலேயே வந்து, அண்ணன் கேட்டது சரி, இன்னும் முடியவில்லை, இது தடை, இதைச் செய்யப்போகிறேன் என்று பதில் சொன்னார்.

ஓட்டுப் போடுகிற நாள். தடுப்புக்குப் பின்னால் சீட்டை விரித்தேன். ஏணி. பூட்டு. கையில் முத்திரைக் கட்டை. என் சின்னத்தை நானே கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் பூட்டின்மேல் ஒரு குத்து. வெளியே வந்தபோது ஏதோ திருட்டு மாங்காய் தின்றவன் மாதிரி எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதுதான் என் ரகசியம்.

மேடையில்

மைக் முன்னால் வந்து நின்றேன். பெரிய மனிதர் இன்னும் மாலையைக் கழற்றவில்லை. யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. முன்வரிசையில் செல்வி. கண்கள் சிவந்திருந்தன. பச்சையம்மாள் உடம்பு முடியாமல் படுத்திருந்த கடைசி வாரங்களில்கூட, பார்க்க வந்தவர்களிடம் மேல்சரிவு ரோட்டுக்கு ஜல்லி வந்துவிட்டதா என்றுதான் கேட்டார் என்று செல்வி என்னிடம் சொல்லியிருந்தாள். வந்துவிட்டது. ரோடும் முடிந்துவிட்டது. பார்க்கத்தான் அவர் இல்லை.

"அன்னார்" என்று ஆரம்பித்தேன். அதை விட்டுவிட்டேன்.

"மூணாவது எலெக்சன்ல நான் எனுக்கு ஓட்டு போடலீங்க," என்றேன். "பச்சையம்மாவுக்குத்தான் போட்டேன்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. எனக்காக அன்று வெயிலில் நோட்டீசு கொடுத்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பெண்கள் வரிசையில் சின்னப்பொண்ணு எழுந்து நின்றாள். மைக் இல்லாமலே அவள் குரல் கடைசிவரை கேட்கும்.

"அய்ய, அந்தத் தடவ நான் உங்களுக்குத்தான போட்டேன். பாவமேன்னு."

பந்தல் அதிர்ந்தது. என் பழைய ஏஜெண்டு நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே துடைத்தாள். பெரிய மனிதர் மாலை குலுங்கச் சிரித்துவிட்டு, என்ன நினைத்தாரோ, அதைக் கழற்றித் தன் கையாலேயே படத்துக்குப் போட்டார். இந்த முறை ஆணியில் சரியாக நின்றது. நான் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

விழா முடிந்து நானும் சின்னப்பொண்ணும் வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் ஒரே யோசனை எனக்கு. வாசலுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"நெசமாவே அன்னைக்கு எனக்கா போட்ட?"

சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

"ஓட்டு ரகசியங்க. அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது."